வீட்டில் கட்டிய 12 வோல்ட் சப்ளை: உங்களுக்கும் இப்படி ஆனதுண்டா?

தோட்டத்து ஆம்ப் (பென்னாகரம்)
எல்லோரும் கட்டுகிற அதே சர்க்யூட்தான். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்க நாலு 4007 டயோடு, 1000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கெபாசிட்டர், கடைசியில் 12 வோல்ட்டில் நிலையாக நிறுத்த 7812 ரெகுலேட்டர் ஐசி. சின்ன ஆம்ப்ளிஃபயருக்காகக் கட்டினேன். ராத்திரியில் அருமையாகப் பாடும். காலையில் போட்டால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். சால்டரிங் சரியில்லையோ என்று எல்லா இடத்திலும் மறுபடி வைத்தேன். 7812ஐ மூன்று தடவை மாற்றினேன், தர்மபுரிக்குப் பஸ் ஏறியதுதான் மிச்சம். ஒரு நாள் பாட்டு ஓடும்போதே, நடு வரியில், உறுமல் கத்தரித்தாற்போல் நின்றது. நான் எதையும் தொடவில்லை. வெளியே பார்த்தால் பக்கத்துத் தோட்டத்து போர் மோட்டாரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் மோட்டார் ஓடும்போது பிளக்கில் மீட்டர் வைத்தேன். 230 வர வேண்டிய இடத்தில் 168 வோல்ட்.

நைட் ஷிப்ட் (ஓசூர்)
உங்களுக்கு உறுமலோடு போயிற்று. டயோடில் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் வரும் இல்லையா, அதே நினைப்பில் கெபாசிட்டரின் கோட்டையும் பிளஸில் வைத்துவிட்டேன். அங்கே கோடு மைனஸ். பத்து எண்ணுவதற்குள் 'டப்'. அம்மா குக்கர் என்று நினைத்து ஓடிப்போய் ஸ்டவ்வை அணைத்தார். பஞ்சு பஞ்சாக ஏதோ வந்து என் காபியில் மிதந்தது. இன்றைக்கும் கெபாசிட்டரைக் கையில் எடுத்தால் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.

பழைய ஐடிஐ (கிருஷ்ணகிரி)
எனக்கும் 7805இல் (7812இன் 5 வோல்ட் தம்பி) விரல் சுட்டிருக்கிறது, அது கிடக்கட்டும். பென்னாகரம் தம்பி, 7812 மேல் தப்பே இல்லை. கணக்குப் போடுங்கள். 230க்கு 12 தருகிற டிரான்ஸ்பார்மர் 168க்கு 8.8தான் தரும். அந்த ஏசி அலையின் உச்சம் 12.4. நாலு டயோடு பிரிட்ஜில் ஒரு நேரத்தில் வேலை செய்யும் இரண்டு டயோடு சேர்ந்து 1.4ஐத் தின்றுவிடும். மிச்சம் 11. உள்ளே 14 போனால்தான் 7812 வெளியே 12 தரும். 11ஐக் கொடுத்துவிட்டு 12 கேட்டால் அது எங்கே போகும்? ரெகுலேட் பண்ண முடியாமல் ரிப்பிளை, அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை, அப்படியே வெளியே விடும், அதுதான் உங்கள் உறுமல். 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். கெபாசிட்டரை 2200 எம்எஃப்டி ஆக்குங்கள், 35 வோல்ட் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பியூஸ் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில், அதாவது 230 பக்கம், இருக்கட்டும். 7812இன் இன்புட் காலுக்கு ஒட்டியே 0.33 எம்எஃப்டி கெபாசிட்டர் ஒன்று. கையோடு எர்த்தையும் பாருங்கள், நம் பக்கம் பாதி வீட்டில் எர்த் பேருக்குத்தான்.

மாங்காய்த் தோப்பு (காவேரிப்பட்டணம்)
ஐடிஐ அண்ணா, 18 போடச் சொல்லிவிட்டீர்கள், ராத்திரி 230 வரும்போது? உள்ளே 24, வெளியே 12. அரை ஆம்பியர் இழுத்தாலே 6 வாட் சூடு. சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்க் இல்லாமல் அதில் தோசை ஊற்றலாம். அந்த ஹீட் சிங்க் விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 78 வரிசையில் பின்னாலிருக்கும் தகடு கிரவுண்டு, அதனால் எப்போதும் உலோகப் பெட்டியையே ஹீட் சிங்க்காக வைத்து அதில் நேராக முடுக்குவேன். நாப்பைத் திருகி வோல்டேஜை மாற்றும் 317 ஐசியையும் அப்படியே முடுக்கினேன். அதில் தகடு அவுட்புட். பெட்டியோ கிரவுண்டில். நாப்பைத் திருகுகிறேன், திருகுகிறேன், மீட்டர் 0ஐ விட்டு நகரவில்லை. ஐசி செத்துவிட்டது என்று திட்டிக்கொண்டே கழற்றி வெறும் மேசையில் வைத்தேன். உடனே 9 காட்டுகிறது! தகடும் பெட்டியும் ஒட்டாமல் நடுவில் வைக்க ஒரு மைக்கா துண்டு, அது இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

சும்மா படிப்பவன்
ஒரு அடாப்டர் வாங்கினால் 100இலிருந்து 240 வரை தாங்கும். எதற்கு இவ்வளவு பாடு?

தோட்டத்து ஆம்ப் (பென்னாகரம்)
அடாப்டர் எங்கே கிடைக்கும் என்று நான் கேட்கவே இல்லையே.

பழைய ஐடிஐ (கிருஷ்ணகிரி)
தோப்புத் தம்பி சொல்வது சரி, ஹீட் சிங்க்கை எழுத விட்டுவிட்டேன். பென்னாகரம், அந்த மோட்டார் எத்தனை எச்பி? தோட்டக்காரர் மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாட்டியிருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்களேன். மாட்டினால் உங்கள் வீட்டு வோல்டேஜும் கொஞ்சம் ஏறும்.

தோட்டத்து ஆம்ப் (பென்னாகரம்)
7.5 எச்பி. கேட்கலாம்தான் அண்ணா, ஆனால் போன மாதம்தான் அவரோடு வரப்புச் சண்டை ஓய்ந்திருக்கிறது. நான் 18 வோல்ட் டிரான்ஸ்பார்மரே வாங்கிக்கொள்கிறேன்.