800 சொல் சிறுகதை: சண்டை தொடங்குவதற்குள் பாதி தீர்ந்துவிடுகிறது

படிவம்4_மாணவி:
பள்ளிப் போட்டிக்குச் சிறுகதை எழுதுகிறேன். வரம்பு 800 சொல். பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான், தங்கை தடுக்கப் பார்க்கிறாள். அவள் எழுந்தது, பசியாறியது, அப்பா காரோடு ஃபெரியில் ஏறியது என்று 400 சொல் போய்விட்டது. உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா?

தண்ணீர்மலையான்:
எழுந்ததையும் பசியாறியதையும் எடுத்துவிடு தங்கச்சி. அலாரம் அடித்து எழும் கதைகளை நடுவர்கள் கட்டுக்கட்டாகப் படித்தவர்கள். ஃபெரி கரையை விடும்போதே ஆரம்பி. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் சேரப் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் அவள் அவனை மடக்கியாக வேண்டும். இதைவிட நல்ல கெடு கிடைக்காது. தொடக்கத்துக்கு 100 சொல், மோதலுக்கு 550, முடிவுக்கு மிச்சம்.

முன்கதை சண்டைக்குள்ளேயே வரட்டும். "அப்பா கடன நீ மட்டுந்தான் அடைக்கணுமா?" ஒரே கேள்வியில் வீட்டு நிலைமை புரிந்துவிடும்.

இன்னொன்று: கார் ஏற்றும் சேவை 2020 கடைசியோடு நின்றுவிட்டது. இப்போதைய ஃபெரியில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். கார் வேண்டுமென்றால் கதையை 2019க்குத் தள்ளு. இல்லையென்றால் அப்பாவை வீட்டிலேயே விட்டுவிடு. ஒரு பாத்திரம் குறைவதும் நல்லதுதான்.

மார்க்கெட்_ஸ்ட்ரீட்_அக்கா:
உரையாடல் பேச்சுத் தமிழில், மற்றதெல்லாம் எழுத்துத் தமிழில். ஆனால் காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் எழுத்தாக்காதேம்மா. "வந்துட்டியா" போதும், "வன்ட்டியா" என்றால் வாசகர் நின்று எழுத்துக்கூட்டுவார். நம்மூர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டும் "லா"வை வரிக்கு வரி போட்டால் கேலிபோல் ஆகிவிடும். கதை முழுக்க இரண்டு மூன்று இடம் போதும்.

"என்றாள்" கண்ணை உறுத்தாத சொல். "என்று கர்ஜித்தாள்", "என்று விம்மினாள்" வேண்டாம். இருவர் மட்டும் பேசினால் நான்கைந்து வரிக்கு அதுவும் தேவையில்லை. அப்புறம் ஒரு செய்கை வை: "பையின் ஜிப்பை இழுத்து மூடினான்." யார் பேசுவது என்பதும் தெரியும், கோபமும் தெரியும்.

கதைத்தச்சன்:
சொல் கணக்கு சரி, ஆனால் 550 சொல்லும் தங்கை கெஞ்சிக்கொண்டே இருந்தால் கதை நகராது. ஒவ்வொரு முயற்சியும் முந்தியதைவிட விலை கூடியதாக இருக்கணும். முதலில் கெஞ்சுகிறாள். அடுத்து அவன் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளிக்கிறாள். அதன்பின் அவளால் சும்மா இருக்க முடியாது: ஒன்று ஒப்புக்கொள்ளணும், இல்லையேல் கடலில் போடணும். அங்கேதான் கதை இருக்கிறது. கடைசி வரியில் அண்ணன் திடீரென்று மனம் மாறினான் என்று மட்டும் முடிக்காதே, அதற்குமுன் அவள் செய்த எல்லாம் வீணாகிவிடும்.

படிவம்4_மாணவி:
நன்றி அண்ணா, அக்கா. தங்கையே "நான்" என்று சொல்லும் கதை. பாஸ்போர்ட் காணோம் என்று அண்ணன் பயப்படுவதை எப்படிச் சொல்வது?

மார்க்கெட்_ஸ்ட்ரீட்_அக்கா:
"அண்ணன் பயந்தான்" என்று எழுதாதே, அவன் மனசுக்குள் அவளால் போகமுடியாது. அவள் கண்ணில் படுவதை எழுது. சட்டைப்பையைத் தொடுகிறான், பையைத் திறக்கிறான், மறுபடி அதே சட்டைப்பை. அவள் கடலைப் பார்ப்பதுபோல் நிற்கிறாள்.