பார்த்ததை அடையாளம் காண ஹிப்போகாம்பஸ் வேண்டுமா?

வைகைக்கரை:
பள்ளிப் பாடத்தில் தொடங்கி யூடியூப் காணொளி வரைக்கும் ஒரே வரிதான்: "நினைவாற்றலின் இருப்பிடம் ஹிப்போகாம்பஸ்." ஹிப்போகாம்பஸ் என்பது மூளையின் இரு பக்கமும் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி. ஆனால் இந்த வரியை நான் ஏற்கவில்லை. ஒரு விலங்கு முன்பு பார்த்த பொருளை மறுபடி பார்க்கும்போது "இது எனக்குத் தெரிந்தது" என்று கண்டுகொள்கிறதே, அந்த வேலையின் முக்கியப் பொறுப்பு பக்கத்திலேயே மூளையின் அடிப்புறத்தில் இருக்கும் பெரிரைனல் புறணிக்கு (புறணி என்றால் மூளையின் வெளி அடுக்கு). குரங்குகளில் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாகவே காட்டுகின்றன. மறுப்பவர்கள் தாராளமாக வாருங்கள், ஆனால் சோதனையோடு வாருங்கள்.

உயிரியல் டீச்சர்:
அந்த வரியை வகுப்பில் நடத்துகிறவள் என்பதால் நானே முதலில் வருகிறேன். 1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், கடுமையான வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. வில்லியம் ஸ்கோவில் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸை நீக்கினார். அதற்குப் பிறகு நடந்த புதிய நிகழ்வுகள் அவருக்கு நினைவில் தங்கவில்லை. 1957இல் ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். குரங்கில்தான் வேண்டும் என்றால் 1978இல் மார்ட்டிமர் மிஷ்கின் செய்த சோதனை இருக்கிறது. ஹிப்போகாம்பஸையும் அதன் முன்னால் இருக்கும் அமிக்டலா என்ற பகுதியையும் சேர்த்து எடுத்த குரங்குகள், சற்று முன் பார்த்த பொருளையே மறந்துவிட்டன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வைகைக்கரை:
டீச்சர், அந்த 1978 சோதனையையே எடுத்துக்கொள்வோம். அதில் குரங்கு என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

குரங்கின் முன்னால் ஒரு தட்டு. தட்டில் சிறு குழிகள். நடுக்குழியை மூடியபடி இதுவரை அது பார்த்திராத ஏதாவது ஒரு பொருள். குரங்கு அதைத் தள்ளினால் அடியில் தீனி இருக்கும், எடுத்துக்கொள்ளும். திரை இறங்கும். பத்து விநாடி கழித்துத் திரை ஏறும்போது இரண்டு பொருள்கள் இருக்கும்: ஒன்று இப்போது பார்த்தது, இன்னொன்று புதியது. இந்த முறை தீனி புதியதன் அடியில். ஆக, பழையது எது என்று தெரிந்தால்தான் புதியதைத் தள்ள முடியும். ஒவ்வொரு முறையும் பொருள்கள் மாறும். பிறகு இடைவெளியை இரண்டு நிமிடம் வரை நீட்டுவார்கள்.

இதில் ஹிப்போகாம்பஸை மட்டும் எடுத்த குரங்குகள் நன்றாகவே செய்தன. அமிக்டலாவை மட்டும் எடுத்தவையும் அப்படியே. இரண்டையும் எடுத்தபோதுதான் சரிந்தன. நீங்கள் சான்றாகக் காட்டும் கட்டுரையே ஹிப்போகாம்பஸ் தனியாகப் போனால் பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் சொல்கிறது.

சரி, இரண்டும் சேர்ந்து போனால் ஏன் சரிகிறது? அன்றைய அறுவை முறை திசுவை உறிஞ்சி எடுப்பது. அப்படிக் கீழே போகும் வழியில் பெரிரைனலும் அதை ஒட்டிய என்டோரைனல் புறணியும் அடிபடும். 1989இல் ஸோலா-மார்கன், ஸ்குவையர் குழு ஹிப்போகாம்பஸையும் அமிக்டலாவையும் தொடாமல், பெரிரைனல் புறணியையும் அதை அடுத்த பாராஹிப்போகாம்பல் புறணியையும் மட்டும் சேதப்படுத்தியது. குரங்குகளின் நினைவு கடுமையாகக் கெட்டது. கடைசியாக 1998இல் எலிசபெத் மரேயும் அதே மிஷ்கினும் உறிஞ்சி எடுப்பதை விட்டுவிட்டு, நியூரான்களை மட்டும் கொல்லும் நச்சை ஊசியில் செலுத்தினார்கள். சுற்றியிருந்த புறணி தப்பியது. ஹிப்போகாம்பஸ், அமிக்டலா இரண்டும் சேதமாகியும் குரங்குகள் தேர்வில் தேறின. தன் பழைய முடிவைத் தானே மறுபடி சோதித்துப் பார்த்தவர் என்பதால் மிஷ்கின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

உயிரியல் டீச்சர்:
மொலைசனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே.

வைகைக்கரை:
அவர் 2008இல் இறந்த பிறகு, 2009 டிசம்பரில் சான் டியேகோவில் அவருடைய மூளையை 2401 சீவல்களாக வெட்டினார்கள். என்டோரைனல் புறணி கிட்டத்தட்ட முழுவதும் போயிருந்தது. அமிக்டலாவும் பெரும்பாலும் இல்லை. ஹிப்போகாம்பஸின் பின்பகுதியோ கணிசமாக மிஞ்சியிருந்தது. இதை வைத்து ஹிப்போகாம்பஸ் மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

மருதம்:
இருவரையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வைகை சார் கதையை 1998இல் நிறுத்திவிட்டார். 2000இல் ஸ்டூவர்ட் ஸோலா குழு, சேதம் ஹிப்போகாம்பல் பகுதிக்குள் மட்டும் அடங்கிய குரங்குகளை அதே பொருள் தேர்வில் வைத்துப் பார்த்தது. இடைவெளி நீள நீள அவை தடுமாறின. இரண்டு சோதனைகளுக்கும் இடையில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. 1998இல் குரங்குகளுக்கு அறுவைக்கு முன்பே தேர்வின் விதி பழக்கப்பட்டிருந்தது. 2000இல் அறுவைக்குப் பிறகுதான் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியானால் "ஹிப்போகாம்பஸ் இல்லாமலும் தேறும்" என்பதை, "முன்பே பழகியிருந்தால் தேறும்" என்று திருத்தித்தானே சொல்ல வேண்டும்?

மொலைசன் விஷயத்திலும் அதே அவசரம். அவருடைய பெரிரைனல் புறணியில் ஒரு பகுதி மிஞ்சியிருந்தது என்று 1997இல் சூசன் கார்க்கின் குழு எடுத்த எம்ஆர்ஐ படங்கள் காட்டின. அதையும் சொல்லியிருக்கலாம்.

வைகைக்கரை:
வேறுபாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2001இல் பாக்ஸ்டரும் மரேயும் அதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பெரிரைனல் பக்கம் சேதம் கூடக்கூட நினைவுக் கோளாறும் கூடியது. ஹிப்போகாம்பஸில் நேர்மாறு: சேதம் கூடக்கூடக் கோளாறு குறைந்தது. ஹிப்போகாம்பஸ்தான் முதன்மை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மருதம்:
அந்தக் கணக்கை ஸோலாவும் ஸ்குவையரும் அப்போதே ஏற்கவில்லை. வேறு வேறு முறையில் பயிற்சி பெற்ற, வேறு வேறு விதமாகச் சேதப்பட்ட சில குரங்குகளை ஒரே வரைபடத்தில் போட்டு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டை நான் எவ்வளவு நம்புவது?

தும்பி:
நீங்கள் எல்லோரும் பாலூட்டிகளுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஹிப்போகாம்பஸும் இல்லாத, பெரிரைனலும் இல்லாத உயிர்கள் கண்ணால் பார்த்துக் கற்கின்றனவே? தேனீயின் மூளையில் உள்ளவை ஏறக்குறைய 10 லட்சம் நியூரான்கள்தான். 2001இல் மார்ட்டின் ஜுர்ஃபா குழு, நுழைவாயிலில் ஒரு நிறத்தைக் காட்டிவிட்டு, உள்ளே இரண்டு பாதைகளில் அதே நிறம் இருக்கும் பாதையில் சர்க்கரைக் கரைசல் வைத்தது. தேனீக்கள் கற்றன. பிறகு நிறத்தை எடுத்துவிட்டுக் கோடுகள் போட்ட அட்டைகளை வைத்தார்கள். புதிதாகச் சொல்லிக்கொடுக்காமலே "அதே மாதிரி இருப்பதைத் தேடு" என்ற விதியைத் தேனீக்கள் அங்கும் பயன்படுத்தின. ஏறக்குறைய உங்கள் குரங்கின் தேர்வுதான் இது, திருப்பிப் போட்ட வடிவம்.

உயிரியல் டீச்சர்:
தும்பி தம்பி, தேனீ எனக்கும் பிடிக்கும். ஆனால் தலைப்பு ஹிப்போகாம்பஸ். ஹிப்போகாம்பஸே இல்லாத ஓர் உயிர் கற்கிறது என்பதால், அது இருக்கும் உயிரில் அதற்கு வேலை இல்லை என்று ஆகிவிடாது.

தும்பி:
ஆகாது டீச்சர். நான் சொல்ல வருவது வேறு. "நினைவு" என்ற ஒரே பெட்டியைத் திறந்தால் உள்ளே பல வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன என்பதைப் பூச்சியிலும் பார்க்கலாம். 2011இல் பழ ஈக்களை வைத்து ஒரு சோதனை: சூடான தரை, அதில் ஒரு கட்டம் மட்டும் குளிர்ச்சி. சுற்றுச்சுவரில் ஒளிக்கோடுகள். அந்தக் கோடுகளின் திசையைப் பார்த்து ஈ குளிர்ந்த கட்டத்துக்குப் போகக் கற்கிறது. ஈயின் மூளையில் நீள்வட்ட உறுப்பு எனப்படும் பகுதியில் சில நியூரான்களை முடக்கினால் இடம் மறந்துபோகிறது, வாசனைக் கற்றல் கெடுவதில்லை. அதே மூளையின் இன்னொரு பகுதியான காளான் உறுப்புகளை முடக்கினால் இடக் கற்றலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசனைக் கற்றலுக்கோ காளான் உறுப்புகள்தான் ஆதாரம்.

மருதம்:
அதே காளான் உறுப்புகளை எறும்பில் மரத்துப்போகச் செய்தபோது, கண்ணால் பார்த்துப் பழகிய வழியை எறும்புகள் தவறவிட்டன. 2020இல் இரண்டு குழுக்கள் வேறு வேறு எறும்பினங்களில் இதைக் காட்டின. ஒரு பூச்சியில் கண்ட வரைபடத்தை அடுத்த பூச்சிக்கே அப்படியே போட முடியவில்லை. குரங்கின் வரைபடத்தை மனிதனுக்குப் போடும்போது இன்னும் கவனம் வேண்டாமா?

உயிரியல் டீச்சர்:
இட நினைவு என்று வந்ததால் சொல்கிறேன். இதில் ஹிப்போகாம்பஸின் உரிமையை யாரும் பறிக்க முடியாது. 1971இல் ஓ'கீஃபும் டாஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸில், குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நியூரான்களைக் கண்டார்கள். 1982இல் ரிச்சர்ட் மாரிஸ் குழு, ஹிப்போகாம்பஸ் இழந்த எலி கலங்கிய நீருக்குள் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கத் திணறுவதைக் காட்டியது. தீனியை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைக்கும் சிக்கடி என்ற சிறு பறவையில் இன்னும் அழகான சான்று. ஹிப்போகாம்பஸை நீக்கிய பிறகும் அது ஒளித்துவைக்கிறது, தேடுகிறது. எங்கே வைத்தோம் என்பதுதான் தெரியவில்லை.

வைகைக்கரை:
அந்தப் பறவைச் சோதனையில் இன்னொரு பாதியும் இருக்கிறது டீச்சர். தீனி இருக்கும் இடத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தால் காட்டியபோது, ஹிப்போகாம்பஸ் இல்லாத பறவைகளும் சரியாகப் போயின. இடம் ஒரு வேலை, கண்ணில் படும் அடையாளம் வேறு வேலை. முதல் பதிவிலிருந்து நான் கேட்பது இந்தப் பிரிவைத்தான்.

மருதம்:
அப்படிப் பிரித்தால் இரண்டோடு நிற்காது. 1984இல் மாலமட், சாண்டர்ஸ், மிஷ்கின் மூவரும் ஹிப்போகாம்பஸும் அமிக்டலாவும் இழந்த குரங்குகளுக்கு 20 ஜோடிப் பொருள்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எப்போதும் ஒரே பொருளின் அடியில்தான் தீனி. ஒரு நாளைக்கு ஒரு ஜோடி ஒரு முறைதான் வரும். நிமிடக் கணக்கில் மறக்கும் அதே வகைக் குரங்குகள், 24 மணி நேர இடைவெளியில் இதைக் கற்றுவிட்டன! இது மூளையில் வேறு நரம்புச் சுற்றின் வேலை. மூளையின் ஆழத்தில் உள்ள காடேட்டின் வால் பகுதியையும் அதை ஒட்டிய பியூட்டமெனையும் நச்சால் சேதப்படுத்தியபோது இந்தப் பழக்கக் கற்றல் கெட்டது, அடையாளம் காண்பது கெடவில்லை. 2001 சோதனை அது. ஒரே கண், ஒரே பொருள்கள், ஆனால் கேள்வி மாறியதும் பதில் சொல்லும் பகுதி மாறுகிறது.

வைகைக்கரை:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அல்சைமர் நோயில் நியூரான்களுக்குள் புரத முடிச்சுகள் முதலில் தென்படுவது ஹிப்போகாம்பஸில் அல்ல, பெரிரைனலும் என்டோரைனலும் சந்திக்கும் பகுதியில். ப்ராக் தம்பதி 1991இல் காட்டியது. ஹிப்போகாம்பஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் நோயின் தொடக்கத்தைத் தவறவிடுவோம்.

உயிரியல் டீச்சர்:
அந்த ப்ராக் படத்தை வகுப்பில் காட்டுவேன். ஆனால் நோய் எங்கே தொடங்குகிறது என்பதும், எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். ஹிப்போகாம்பஸுக்கு அடையாளம் காண்பதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு ஒரு சோதனை போதாது. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நச்சு முறையில், பாதிக் குரங்குகளுக்கு அறுவைக்கு முன்பும் பாதிக்குப் பின்பும் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டால் பேசலாம். அதுவரை 2000ஆம் ஆண்டு முடிவையும் சேர்த்தே நடத்துவேன்.

மருதம்:
டீச்சர் கேட்கும் அந்த ஒப்பீட்டைத்தான் நானும் கேட்கிறேன். அதோடு இடைவெளியை நிமிடக் கணக்கோடு நிறுத்தாமல் மணிக்கணக்கில் நீட்ட வேண்டும். ஹிப்போகாம்பஸின் பங்கு இருந்தால் அங்கேதான் தெரியும்.