பிரசங்கம் செய்யாமலே ஊழியம் செய்தவர்கள்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

தேரிக்காட்டான்:

நானே தொடங்கிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகை நாள், கோயில் கொள்ளாத கூட்டம். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுப்போமே, ஐயர், அதாவது எங்கள் போதகர், பீடத்தில் தொடங்கி, கைக்குள் கை வைத்து ஆள் மாற்றி ஆளாக வரிசைகளில் இறங்கி வருமே, அது அன்று எங்கள் வரிசையில் அப்பா வரைக்கும் வந்துவிட்டது. அப்பாவுக்கு அடுத்து இருந்தவர் சித்தப்பா.

அவராக வந்து உட்காரவில்லை. நேரங்கழித்து வந்தவரைக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கண்ட இடத்தில் உட்கார வைத்துவிட்டார். அண்ணனும் தம்பியும் பேசி நான்கு வருடம் ஆகியிருந்தது. கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறுதான், வேறென்ன.

அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். சித்தப்பா கைகட்டிக்கொண்டு பீடத்துச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது ஒரு முழுப் பிரசங்க நேரம். பிறகு அப்பா கையை மடக்கி எழுந்து, நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டார். வாசலில் கிடந்த செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேராகப் போனது சித்தப்பா வீட்டுக்கு. தம்பி வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி வந்தார், பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்பா இருட்டும்வரை இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு திருவிருந்து ஞாயிறுகளில் கோயிலுக்கு வருவார், அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்கு மட்டும் போகமாட்டார்.

அப்பாவை அடக்கம் செய்தது 1998-ல். சித்தப்பா வந்து மூன்று பிடி மண் போட்டார். போட்ட கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நீட்டினார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

வார்டு எட்டு:

தேரிக்காட்டான் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என்னுடையது சிறியது.

முப்பத்தொரு வருடம் செவிலியராக இருந்தவள். மிஷன் மருத்துவமனைதான், பெயர் வேண்டாம். எங்கள் ஆசிரியை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45-லிருந்து வந்தது. ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய என்று அவர் படுக்கை விரிப்பை மடிக்கும்போதுகூடச் சொல்லுவார். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையை மாற்றிய அந்த ஒரே இரவு, பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் இல்லாமல் மூன்று பெண்கள் இறந்த கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

வார்டில் ஒரு முதியவர். மகன்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனதோடு சரி. நான் வேலை முடிந்து போகும்போது அவர் தலையணைக்கடியில் ஒரு துண்டுப்பிரதி, வேதச் செய்தி அச்சடித்த தாள், வைத்துவிட்டு, ஒரு சின்ன ஜெபமும் செய்துவிட்டுப் போவேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மறுபடி வைக்கப் போனபோது தடுத்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். நகம் வெட்டியிருந்தது, ஓரம் தேய்த்து வழவழப்பாக. "அந்த ஆயா வெட்டிவிட்டார்கள். நீங்கள் தாள் வைக்கிறீர்கள்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. இன்றைக்கு இட்லி, நேற்று உப்புமா என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஆயா யார் என்று விசாரித்தேன். ராத்திரி வேலைக்கு வருகிறவர். தலையில் முக்காடு. கிறிஸ்தவர் இல்லை.

சாட்சி:

வார்டு எட்டு அக்கா, மன்னிக்கவும். துண்டுப்பிரதியை இப்படித் தாழ்த்தி எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. என் தாத்தா ஒரு துண்டுப்பிரதியால்தான் குடியை விட்டார். பேருந்து நிலையத்தில் கடலை மடித்துக் கொடுத்த தாள் அது. என் அனுபவம் அவ்வளவுதான், ஆனால் அது இல்லையென்றால் நான் இல்லை.

பிரச்சினை தாளில் இல்லை, கொடுத்த விதத்தில். நோயாளி தூங்கும்போது தலையணைக்கடியில் வைக்கக்கூடாது. கண்ணைப் பார்த்து, பெயர் கேட்டு, உட்கார்ந்து கொடுக்க வேண்டும். எழுத்துப் பெரிதாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வயதானவர்களுக்குச் சிறிய எழுத்து தெரியாது. படிக்கத் தெரியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும், தெரியாதவரிடம் கொடுத்தால் அவருக்கு அவமானம். ஒரே ஆளுக்குத் தினமும் கொடுக்கக்கூடாது. பின்பக்கம் சபையின் முகவரி முத்திரை இருந்தால் நல்லது. இன்னொன்று, சர்க்கரை நோயாளியாக இருந்தால் கண்டவர்கள் நகம் வெட்டக்கூடாது. காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் புண்ணாகி விரலையே எடுக்க நேரிடும். நேராகத்தான் வெட்ட வேண்டும், ஓரத்தை வளைக்கக்கூடாது. செவிலியராக நீங்கள் அந்த ஆயாவுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். மேலும் அவர் கிறிஸ்தவர் இல்லை என்கிறீர்கள். அப்படியிருக்க இந்தத் தலைப்பில் இது எப்படி வரும்?

வார்டு எட்டு:

வெட்டியது கை நகம், தம்பி. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன் எந்தச் சபையில் அங்கத்தினர் என்று யாராவது சொன்னால் மீதிக் கேள்விக்கும் பதில் எழுதுகிறேன்.

கருப்பட்டி:

சண்டை வேண்டாம், கடைக்கு வாருங்கள்.

உடன்குடிப் பக்கம் ஒரு கருப்பட்டி மண்டியில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். முதலாளி தினம் காலையில் கடையைத் திறந்ததும் முழங்காலில் நின்று ஜெபம் செய்வார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஏனென்றால் உள்ளே இரண்டு அடுக்கு உண்டு. ஒன்று சுத்தமான பதநீர்க் கருப்பட்டி. இன்னொன்று சீனி கலந்து காய்ச்சியது. பதநீர் கிடைப்பது வருடத்தில் சில மாதம்தான், கேட்கிற கூட்டமோ வருடம் முழுக்க. யாரும் செய்வதுதான்.

ஒரு நாள் திருச்சியிலிருந்து ஒரு வியாபாரி வந்து, கலந்த அடுக்கைக் கையைக் காட்டி நல்ல விலை சொன்னார். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் ரசீது புத்தகத்தைத் திறந்துவிட்டேன். முதலாளி ஒரு கருப்பட்டியை எடுத்துப் படிக்கல்லால் ஒரே போடு, இரண்டாகப் பிளந்து வெயிலில் பிடித்தார். உள்ளே மினுமினு என்று பொடிக் கண்ணாடி மாதிரி. "இது சீனி. மினுங்குகிறது பாருங்கள். அந்த அடுக்கு சுத்தம், உடைத்தால் மங்கலாக இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டிய அளவு இல்லை" என்றார். வியாபாரி பக்கத்துக் கடைக்குப் போனார். பக்கத்துக் கடையிலும் அதே சரக்குதான், சொல்லத்தான் ஆளில்லை.

என்னை உறுத்துவது அந்த நேர்மை அல்ல. அப்படியானால் அந்த அடுக்கை ஏன் கடையில் வைத்திருந்தார்? இருபது வருடமாக யோசிக்கிறேன். ஊருக்கு ஒரு விலை, உண்மைக்கு ஒரு விலை என்று வைத்திருந்தாரா? கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்க அவர் இல்லை.

முத்துநகர் மரியா:

நான் கத்தோலிக்கப் பெண். எங்களுக்குச் சமாதானம் திருப்பலியில் பரலோக மந்திரத்துக்குப் பிறகுதான் வரும். அடுத்தது நேராக நன்மை, உங்கள் திருவிருந்து மாதிரி, வாங்கும் வரிசை. எழுந்து போய் யாரோடும் சமாதானமாகிவிட்டுத் திரும்பி வர நேரமே கிடையாது. உங்களுக்குக் காணிக்கைக்கு முன்னால் வருகிறது. காணிக்கை வைக்கும் முன் போய் உன் சகோதரனோடு சமாதானமாகு என்கிற மத்தேயு 5-ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பொருத்தம் என்று என் மாமியார் காதில் விழாத தூரத்தில் சொல்கிறேன். என் பங்குக்கு ஒன்று: எங்கள் பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் என்னைப் பற்றிப் புறம் பேசிய பெண்ணுக்கு, அவள் மகள் பிரசவத்தின்போது பத்து நாள் சோறு கொண்டுபோனேன். பதினோராம் நாள் பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பித் தந்தாள். அவ்வளவுதான்.

தேரிக்காட்டான் அண்ணாச்சி, கிணறு இன்னும் பொதுவில் இருக்கிறதா? இருந்தால் உங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் இதே சண்டையைப் போடுவார்கள். முதலில் பத்திரத்தைப் பாருங்கள், கிணற்றுப் பங்கு நான்கில் ஒன்றா பாதியா என்று தெளிவாக எழுதியிருக்கும். வில்லங்கச் சான்று போடுங்கள். மோட்டாரின் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் அது ஒருவர் பெயரிலேயே கிடந்துவிடும், மற்றவர் அவரைக் கெஞ்ச வேண்டும். முறையை வாய்வார்த்தையாக வைக்காமல் யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்யாமல் விடாதீர்கள். எல்லைத் தகராறும் இருந்தால் சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளந்து கல் நடுங்கள். இதையெல்லாம் அப்பா அன்றைக்கே செய்திருந்தால் திண்ணையில் உட்கார வேண்டியிருந்திருக்காது. அவர் செய்தது பெரிய காரியம், ஆனால் பாதிக் காரியம்.

கோயில்பிள்ளை மகன்:

முதலில் ஒன்று. கோயில்பிள்ளை கண்ட இடத்தில் உட்கார வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ட இடம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. யார் யாரோடு பேசவில்லை என்பது கோயில்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் ஊர்க்காரர் வேண்டுமென்றே செய்திருப்பார் என்பது என் சந்தேகம்.

இனி என் கதை. எங்கள் ஊரில் அசனம், அதாவது கோயில் விருந்து, என்றால் நான்கு அண்டா சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, எல்லாரும் தரையில் வரிசையாக. எல்லாரும் என்று சொல்லிக்கொள்வோம். மேலத்தெரு வரிசை ஒன்று, கீழத்தெரு வரிசை ஒன்று, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். யாரும் கோடு போட்டதில்லை. அந்த வருடம் புதிதாக வந்த உபதேசியார் (ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவர்) ஜெபம் முடித்துவிட்டு, ஒரு இலையை எடுத்துக்கொண்டு போய்க் கீழத்தெரு வரிசையின் நடுவில் உட்கார்ந்தார். கமிட்டிக்காரர்கள் வாளியும் கையுமாக நின்றார்கள். அவர் இலையில் யாரும் பரிமாறவில்லை. கடைசியில் அவர் மனைவி வந்து ஒரு கரண்டி சோறு வைத்தார். மே மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நான் அன்று தண்ணீர் ஊற்றுகிற பையன். வரிசையில் ஊற்றிக்கொண்டே வந்து அவர் இலை வந்ததும் தாண்டிப் போனேன். என்னிடம் யாரும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். வயது எனக்கு ஒன்பது.

நல்லவர்கள் கதை நிறைய வருகிறது, வரட்டும். அவர்களைத் தாண்டிப் போனவர்களும் எழுதட்டும் என்றுதான் எழுதினேன்.

தேரிக்காட்டான்:

மரியா அக்கா, நிலத்தை 2009-ல் விற்றாகிவிட்டது. வாங்கியவர் கிணற்றை மூடிவிட்டு ஆழ்துளை போட்டிருக்கிறார். உங்கள் யோசனைக்கு நன்றி, விற்பதற்கு முந்தி வந்திருந்தால் உதவியிருக்கும்.

கோயில்பிள்ளை மகன் தம்பி, நீங்கள் சொல்வது நடந்திருக்கும். எனக்கு இதுவரை தோன்றவில்லை.

நீங்கள் தண்ணீர் என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது, வீட்டில்கூடச் சொன்னதில்லை. அன்று அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவன் நான். திண்ணையின் ஓரத்தில் செருப்போடு நின்றேன். கதவு சாத்திய பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையில் சித்தியின் கை வந்தது. செம்பு கம்பிக்குள் நுழையவில்லை. கை உள்ளே போனது, ஒரு தம்ளரோடு திரும்பி வந்தது. அப்பா வாங்கிக் குடித்தார். தம்ளர் உள்ளே போய் மறுபடி நிரம்பி வந்தது, அது எனக்கு. உள்ளே சித்தப்பா இருமிக்கொண்டிருந்தது வெளியே நன்றாகக் கேட்டது. சித்தி ஜன்னலைச் சாத்தவில்லை.