இடைக்காவலி: அலுமினிய யன்னல் நிலைக்குள் இருக்கும் பட்டிக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

அலுமினிய யன்னலின் நிலைக்குள் (பிரேமுக்குள்) வெப்பம் கடக்காமல் தடுக்க வைக்கும் பட்டியை ஆங்கிலத்தில் ‘தேர்மல் பிரேக்’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘வெப்ப முறிவு’ என்று நம் குழுவின் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. எனக்கு உடன்பாடில்லை. முறிவு என்றதும் மட்டக்களப்பில் எவருக்கும் எலும்பு முறிவுதான் நினைவுக்கு வரும். ‘வெப்ப முறிவு கொண்ட அலுமினிய நிலை’ என்று கடை வாசலில் எழுதி வைத்தால், வெயிலுக்கு முறிந்துபோகும் நிலை என்று நினைத்துச் சனம் அப்படியே திரும்பிப் போய்விடும்.

அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதில் இருந்து தொடங்குவோம். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். முதிரை, தேக்கு போன்ற மரங்களோடும் பிவிசியோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்தால் உட்பக்கமும் சுடும். அதனால் நிலையை உள், வெளி என்று இரண்டு அலுமினியத் துண்டுகளாகச் செய்து, நடுவில் கண்ணாடி இழை கலந்த பொலியமைட்டுப் பட்டியைச் செருகி இறுக்குகிறார்கள். பொலியமைட்டு என்பது நைலோன் வகைதான். அதற்குள் கண்ணாடி இழை சேர்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: வலிமை கூடுவதோடு, சூட்டில் அது விரிகிற அளவும் அலுமினியத்தின் அளவுக்குக் கிட்ட வந்துவிடுகிறது. பிவிசிப் பட்டியாக இருந்தால் அலுமினியத்தைவிட மிகக் கூடுதலாக விரிந்து இழுபடும்.

‘வெப்ப வெட்டு’ என்ற யோசனையும் வந்தது. மின்வெட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். அதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. வேறொரு செய்முறையில், அலுமினியக் காடிக்குள் பிசினை ஊற்றி, அது இறுகியபின் அடியில் இருக்கும் அலுமினியப் பாலத்தை வாளால் அறுத்தெடுப்பார்கள். அங்கே உண்மையிலேயே ஒரு வெட்டு நடக்கிறது. ஆனால் பட்டி செருகும் முறையில் எதையும் வெட்டுவதில்லை. தவிர, மின்வெட்டு என்றால் வந்து போவது. இது நிரந்தரமாக இருப்பது.

‘வெப்பத்தடை’யும் சரிவராது. அந்தச் சொல் ஏற்கெனவே ஓர் அளவைக்குப் பெயராகிவிட்டது. கண்ணாடிக்கு இவ்வளவு வெப்பத்தடை, சுவருக்கு இவ்வளவு என்று எழுதுகிற அதே பக்கத்தில் ஒரு பட்டிக்கும் அதே பெயர் இருந்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

என் முன்மொழிவு: இடைக்காவலி. இலங்கைப் பாடநூல்களில் கடத்தி, காவலி என்று படித்தவர்கள்தான் நாம் எல்லோரும். வெப்பத்தையோ மின்னையோ எளிதில் கடத்தாத பொருள் காவலி. அது இரண்டு கடத்திகளுக்கு இடையில் இருக்கிறது, ஆகவே இடைக்காவலி. தமிழகத்து நண்பர்களுக்குக் ‘காப்பான்’ பழக்கமாக இருக்கலாம், ‘இடைக்காப்பு’ என்று வைத்தாலும் எனக்கு மறுப்பில்லை. இடுப்பில் கட்டுகிற பட்டி மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சிரித்தார். பட்டி என்பதாவது சரிதானே!

‘பிரேம்’ என்பதற்குச் ‘சட்டகம்’ வேண்டாம். கதவுக்கும் யன்னலுக்கும் நிலை வைப்பது என்றுதான் ஆசாரிமார் சொல்கிறார்கள். சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் செய்வான்?

இந்தச் சொல் எங்கே பயன்படும் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இடைக்காவலி இல்லாத யன்னல் எல்லாம் மட்டம் என்று வாங்குபவர் எண்ணிவிடுவார். கல்லடியிலோ கல்முனையிலோ யன்னலைத் திறந்துபோட்டுக் காற்று வாங்குகிற வீட்டுக்கு அது வீண் செலவு. காற்றே உள்ளும் வெளியும் போய்வரும்போது நிலைக்குள் ஒரு பட்டி எதைத் தடுக்கப் போகிறது? குளிரூட்டி போட்டு அடைத்து வைக்கும் அறைக்கு, அதுவும் இரட்டைக் கண்ணாடியோடு சேர்த்துத்தான் பயன் தெரியும்.

நம் கரையோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. அலுமினிய நிலையின் மேற்பூச்சு எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேளுங்கள். பவுடர் கோட்டிங் 60க்குக் குறையக்கூடாது. அனோடைசிங் (மின்முறையில் அலுமினியத்தின் மேல் ஒக்சைட்டுப் படலம் உண்டாக்குவது) என்றால் கடலோரத்துக்கு 25 நல்லது. துருப்பிடிக்காத உருக்கு ஆணிதான் போட வேண்டும், சாதாரண ஆணி துருப்பிடித்து நிலையையும் கறையாக்கிவிடும். யுபிவிசி (கடினமான பிவிசி) நிலையை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் உள்ளே வலுவுக்கு வைத்திருக்கும் இரும்பு, ஆணித் துளை வழியே நீர் புகுந்தால் துருப்பிடிக்கும். கடும் நிறத்தில் எடுத்தால் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) காலத்து வெயிலில் சூடேறி வளையவும் கூடும். மரம் மாரியில் ஊதிக் கதவு இறுகும், கச்சானுக்குச் சுருங்கி இடைவெளி விடும். கறையானைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பழைய முதிரை நிலை நல்ல நிலையில் இருந்தால் நான் கழற்றவே மாட்டேன், கதவை மட்டும் மாற்றுவேன்.

சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘குளிரூட்டிய அறைக்கு இடைக்காவலி இட்ட அலுமினிய நிலை, மற்ற அறைகளுக்கு வெறும் அலுமினிய நிலை போதும்.’ நாக்கில் இடறவில்லை. அம்பாறைப் பக்கம் யன்னல் வேலை செய்பவர்கள் இந்தப் பட்டிக்கு ஏற்கெனவே ஏதாவது பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.