கடலில் மட்டும் அணைந்து எரியும் ஈஎஸ்பி32: பேட்டரியா, ஸ்டாக்கா?

வடகடல் (தங்கச்சிமடம்) கேட்டது:

வணக்கம். சித்தப்பாவின் விசைப்படகுக்காக ஒரு எல்லை எச்சரிக்கைப் பெட்டி செய்திருக்கிறேன். ஈஎஸ்பி32 (புரோகிராம் ஓடும் சின்ன சிப் போர்டு), ஜிபிஎஸ் மாட்யூல், சின்னத் திரை, எஸ்டி கார்டு, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். 1974 இந்திய-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தத்தில் பாக் நீரிணைக்குக் குறித்த ஆறு புள்ளிகளையும் உள்ளே போட்டிருக்கிறேன். அவற்றை இணைக்கும் கோட்டுக்கு 2 கடல் மைலுக்குள் படகு போனால் பஸ்ஸர் விட்டு விட்டு அடிக்கும். 1 மைலுக்குள் போனால் நிற்காமல் அடிக்கும்.

வீட்டு மேசையில் ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. படகில் ராத்திரியானால் அணைந்து அணைந்து எரிகிறது, காலையில் கரைக்கு வரும்போது சமர்த்தாக இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் தொழிலுக்குப் போன கடைசி மூன்று தடவையும் இப்படித்தான். உப்புக்காற்று என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தேன், உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ராத்திரி விளக்குகள் எல்லாம் எரிவதால் பேட்டரி இறங்குகிறதோ என்று இப்போது சந்தேகம்.

எங்கள் தெருவிலேயே எல்லைக் கோட்டைத் தாண்டிப் பிடிபட்டு, படகை அங்கேயே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் உண்டு. பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் சித்தப்பா இருட்டில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது அது செத்துக் கிடந்தால், பெட்டியே இல்லாமல் இருப்பது மேல். ஜூன் 14 வரை படகு கரையில்தான். அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கே தேட ஆரம்பிப்பது?

மண்டபம் வயரிங்:

தம்பி, படகில் எதற்கும் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 12 வோல்ட் எவ்வளவு கீழே விழுகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஆனால் ஊகத்தில் போக வேண்டாம். ஏன் ரீசெட் ஆனது என்று சிப்பே சொல்லும். மின்னழுத்தம் விழுந்ததா, புரோகிராம் விழுந்ததா, புரோகிராம் உறைந்து வாட்ச்டாக் என்ற காவல் டைமர் உதைத்ததா என்று ரீசெட் காரணம் தனித்தனியாக வரும். பூட் ஆனதும் அதை எஸ்டி கார்டில் ஒரு வரியாக எழுத வையுங்கள்.

கீழக்கரை (இப்போது கோவை):

அண்ணன் சொன்னது சரி. நான் ஒன்று கேட்கிறேன். எத்தனை மணிக்கு அணைந்தது என்பதை விடுங்கள், எந்த இடத்தில் அணைந்தது? கார்டில் பாதை பதிவாகியிருக்குமே. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் புரோகிராமை முதலில் வேறு போர்டில் எழுதினீர்களா?

வடகடல்:

அண்ணே, கை நடுங்குகிறது. மூன்று தடவையும் கோட்டிலிருந்து 2 மைலைத் தொட்ட இடத்தில்தான் பதிவு அறுந்திருக்கிறது. அதாவது எச்சரிக்கை அடிக்க வேண்டிய அந்த இடத்தில். ராத்திரி என்று நினைத்தேன். ராத்திரியில்தானே அவ்வளவு தூரம் போகிறார்கள்!

மேசையில் பஸ்ஸரைத் தனியாக ஒரு பட்டன் வைத்துத்தான் சோதித்தேன். எச்சரிக்கைப் பகுதி முழுவதும் வீட்டில் ஒரு தடவைகூட ஓடியதில்லை.

ஆமாம், முதலில் எஸ்டிஎம்32 என்ற வேறு சிப்பில் எழுதினேன். ஜிபிஎஸ் டாஸ்க்குக்கு (புரோகிராமில் ஜிபிஎஸ்ஸைக் கவனிக்கும் தனிப் பகுதி) ஸ்டாக், அதாவது அது தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் நினைவிடம், 2048 கொடுத்திருந்தேன், அதையே இங்கும் போட்டேன்.

கீழக்கரை:

அங்கேதான் இருக்கிறது. டாஸ்க்குகளை ஓட்டும் வழக்கமான ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் ஸ்டாக் அளவு வேர்டு கணக்கு. 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட், ஆக 2048 என்றால் 8192 பைட். ஈஎஸ்பி32-க்கான மென்பொருள் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப்-இல் அதே இடத்தில் பைட் கணக்கு. எண் மாறவில்லை, இடம் காலாகக் குறைந்துவிட்டது.

இதை நிரூபிக்கக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. கார்டில் உள்ள ஜிபிஎஸ் வரிகளை லேப்டாப்பிலிருந்து சீரியலில் நொடிக்கு நொடி அப்படியே ஊட்டுங்கள். படகு கடலில் இருப்பதாகவே பெட்டி நினைக்கும். கடைசி ஒரு மணி நேரம் போதும். அதற்கு முன் மூன்று வேலை.

மெனுகான்ஃபிக் என்ற அமைப்புத் திரையில், ஸ்டாக்கின் கடைசியில் வாட்ச்பாயிண்ட் (அங்கே எழுதினாலே நிறுத்தும் பொறி) வைக்கும் விருப்பத்தை இயக்குங்கள். சாதாரணக் கேனரிச் சோதனை, அதாவது ஸ்டாக்கின் கடைசியில் வைத்த அடையாளம் அழிந்ததா என்று பார்ப்பது, டாஸ்க் மாறும்போதுதான் எட்டிப் பார்க்கும், அதற்குள் பக்கத்து நினைவகம் கெட்டு வேறெங்கோ விழலாம். வாட்ச்பாயிண்ட் என்றால் எல்லையைத் தொட்ட அந்த வரியிலேயே நிற்கும். சிப்பில் ஒவ்வொரு கோருக்கும் (செயலி மையத்துக்கும்) இரண்டு வாட்ச்பாயிண்ட்தான் உண்டு, அதில் ஒன்று இதற்குப் போய்விடும், பரவாயில்லை.

அப்புறம் ஹை வாட்டர் மார்க். ஜெட்டித் தூணில் தண்ணீர் ஏறி இறங்கிய தடம் தெரியுமே, அது மாதிரி. டாஸ்க் உருவாகும்போது ஸ்டாக் முழுக்க ஏ5 என்ற பைட்டால் நிரப்பி வைப்பார்கள். எவ்வளவு இன்னும் ஏ5-ஆகவே இருக்கிறதோ, அதுவே இதுவரை மீந்த மிகக் குறைந்த இடம். இதுவும் இங்கே பைட்டில்தான் வரும்.

மூன்றாவது, கோர் டம்ப்பை, அதாவது விழுந்த நொடியின் நினைவகப் பதிவை, போர்டின் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு அனுப்புங்கள், 64 கேபி பார்ட்டிஷன் போதும். படகில் லேப்டாப் இருக்காது. பெட்டி எப்படி விழுந்தது என்பதை அதுவே சுமந்து கரைக்குக் கொண்டுவரும்.

வடகடல்:

நேற்று ராத்திரி ஊட்டினேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் 2.3, 2.2, 2.1 என்று இறங்கியது. 2.0 வந்ததும் திரை அணைந்தது. லேப்டாப்பில் 'ஸ்டாக் கேனரி வாட்ச்பாயிண்ட் டிரிகர்ட்' என்று வந்து, அடைப்புக்குறிக்குள் ஜிபிஎஸ் டாஸ்க்கின் பெயர். மூன்று வாரமாகத் தேடியது அந்த ஒரு வரி.

கோர் டம்ப்பைத் திறந்தால் பேக்டிரேஸ் (எந்தப் பகுதி எதைக் கூப்பிட்டது என்ற தடம்) நேராக எச்சரிக்கைச் செய்தி எழுதும் இடத்துக்குப் போகிறது. அங்கே ஸ்டாக்கிலேயே இடம் பிடிக்கும் 512 பைட் லோக்கல் அரே ஒன்று, அதற்குள் தசம எண்களை அச்சிடும் ஸ்பிரிண்ட்எஃப், அதன் கீழே எஸ்டி கார்டு எழுதுவது. சாதாரண ஓட்டத்தில் மீதி 212 பைட்தான் இருந்திருக்கிறது. ஸ்டாக்கை 8192 ஆக்கி ஊட்டினேன், மீதி 5492. ஆக, தேவை 2700. 4096 வைத்துவிட்டேன். 1396 மீதியோடு மூன்று பாதையும் கடைசிவரை ஓடின, பஸ்ஸர் அடித்துத் தெருவே எழுந்துவிட்டது.

கீழக்கரை:

சந்தோஷம் தம்பி. பெட்டியில் ஏற்றிய பில்டின் (தொகுத்த புரோகிராமின்) ஈஎல்எஃப் கோப்பைப் பத்திரமாக வையுங்கள். வேறு பில்டின் கோப்போடு கோர் டம்ப்பைத் திறந்தால் காட்டும் வரிகளை நம்ப முடியாது. அடுத்த பெட்டிக்கு ஈஎஸ்பி32-எஸ்3 வாங்குங்கள். பழைய ஈஎஸ்பி32-இல் ஜேடேக் (ஓடும் சிப்பை நிறுத்திப் பிழை தேடும் இணைப்பு) 12 முதல் 15 வரையுள்ள பின்களில் இருக்கிறது, உங்கள் எஸ்டி கார்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எஸ்3-இல் ஜேடேக் யுஎஸ்பி வழியாகவே வரும், ஒரு கேபிள் போதும்.

வடகடல்:

கார்டு 12 முதல் 15-இல்தான் இருக்கிறது அண்ணே. ஈஎல்எஃப்-ஐப் படகின் பதிவு எண் போட்ட ஃபோல்டரில் தேதியோடு வைத்துவிட்டேன். ரீசெட் காரணமும் இனி ஒவ்வொரு பூட்டிலும் கார்டில் எழுதும். படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்ததும் பெட்டியை மாட்டி, இன்ஜின் ஸ்டார்ட்டில் வோல்டேஜையும் அளந்து இங்கே போடுகிறேன்.