நீலப் பெட்டி நின்ற சதுக்கமும் மூன்று கேசட்டுகளும்

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை துறைமுகப் பக்கம் நடந்து போனபோது, மில்லேனியம் சென்டர் அரங்கிற்கு முன்னால், ரோல்ட் டால் சதுக்கத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் அந்த உயரமான உலோகத் தூணின் அருகில் நீல நிறப் பெட்டி ஒன்று நின்றிருந்தது. சுற்றிலும் பெரிய விளக்குகள், தரையெங்கும் கேபிள்கள், தடித்த கோட்டுகளுக்குள் குளிரைத் தாங்கிக்கொண்டு காத்திருந்த மனிதர்கள். அது என்ன படப்பிடிப்பு என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். ‘டாக்டர் ஹூ’ திரும்பி வருகிறது என்றார். நீலப் பெட்டி வடிவிலான காலயந்திரத்தில் பயணிக்கும் ‘டாக்டர்’ என்ற வேற்றுகிரகவாசியின் கதையைச் சொல்லும் பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் அது. அந்தப் பெரியவர் ஏழு வயதில் அதன் முதல் பகுதியைப் பார்த்தவராம். பேரனுடன் சேர்ந்து இதைப் பார்க்கப்போவதாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக மனிதர் இப்படி நெகிழ முடியுமா என்ற வியப்பினால்தான் நான் அதைப் பின்தொடரத் தொடங்கினேன்.

1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அந்தத் தொடர் 26 பருவங்கள் ஓடி, 1989 டிசம்பரில் நின்றுபோனது. 1996இல் பால் மெக்கேன் நடித்து வந்த தொலைக்காட்சிப் படம் புதிய தொடராக வளரவில்லை. 2003 செப்டம்பரில்தான் பிபிசி அதை மீட்கப்போவதாக அறிவித்து, பொறுப்பை எழுத்தாளர் ரஸ்ஸல் டி. டேவிஸிடம் ஒப்படைத்தது. தயாரிப்பு பிபிசி வேல்ஸுடையது என்பதால் கார்டிஃபின் கடைவீதிகளே லண்டனாக வேடமிட்டன. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு: 1869ஆம் ஆண்டின் கார்டிஃபில் நடக்கும் கதையைப் படமாக்க வேண்டியிருந்தபோது அந்தக் காலத்துத் தெருக்களைத் தேடி அவர்கள் ஸ்வான்ஸீக்கும் மான்மத்துக்கும் போனார்கள்.

மார்ச் 26 மாலை முதல் பகுதியான ‘ரோஸ்’ ஒளிபரப்பானது. ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள். அது முடிந்தவுடன் பிபிசி த்ரீயில் ‘டாக்டர் ஹூ கான்ஃபிடென்ஷியல்’ என்ற அரை மணி நேர ஆவணப்படம் வந்தது. நடிகர் சைமன் பெக் பின்னணிக் குரல் கொடுத்தார். அந்தப் பருவத்தின் 13 பகுதிகளுக்கும் அப்படி ஒவ்வொன்று வந்தது. கதையைப் பார்த்ததைவிட அதிக ஆர்வத்துடன் நான் அவற்றைப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது. எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வியை ஒவ்வொரு பொருளிடமும் ஒவ்வொரு ஒலியிடமும் கேட்டுக்கொண்டே வேலை செய்தவர்களை அதில் கண்டேன்.

டாக்டரின் பழைய எதிரியான, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக் என்ற வேற்றுகிரக உயிரி அதற்குச் சிறந்த சான்று. மிளகுத்தூள் குப்பியைப் போன்ற அந்த உருவத்தை அவர்கள் மாற்றவில்லை. உலோகத்தை மட்டும் கனமாக்கி, ஆணிகள் அடித்து, பொன்னிறம் கொடுத்து, உண்மையிலேயே அஞ்சத்தக்கதாக ஆக்கினார்கள். உள்ளே பார்னபி எட்வர்ட்ஸ் அமர்ந்து அதை நகர்த்த, வெளியே நிக்கலஸ் பிரிக்ஸ் ஒலிவாங்கியின் முன் பேசினார். ரிங் மாடுலேட்டர் என்னும் கருவி அவருடைய குரலை அந்த இடத்திலேயே கரகரப்பாக்கித் தந்ததால், நடிகர்கள் வெற்று உலோகத்திடம் பேசவில்லை. பதில் சொல்லும் ஒன்றிடம் பேசினார்கள். டாலெக்கால் படியேற முடியாது என்ற பழைய கேலிக்கும் அது தோன்றிய ‘டாலெக்’ என்ற பகுதி விடை தந்தது. 1988லேயே ஒரு டாலெக் படிகளின் மேல் மிதந்து ஏறியிருக்கிறது என்பதை நினைவுள்ளவர்கள் குறைவாகவே இருந்தார்கள்.

முகப்பிசையிலும் இதே கவனம்தான். ரான் கிரைனரின் மெட்டை 1963இல் டீலியா டெர்பிஷர் ஒலிநாடாவைத் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டி, ஒவ்வொரு சுரமாக உருவாக்கினார். புதிய தொடரின் இசையமைப்பாளர் மரி கோல்ட் புதிய வடிவத்தை அமைத்தபோது அந்தப் பழைய ஒலிப்பதிவையே அடித்தளமாக வைத்துக்கொண்டார். டீலியா 2001இல் காலமானவர். இந்த மீட்சியை அவர் பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

மாற்றியவையும் குறைவல்ல. முன்பு 25 நிமிடப் பகுதிகளாக வாரக்கணக்கில் நீண்ட கதைகள், பெரும்பாலும் 45 நிமிடத்தில் முடிந்தன. அதைவிடப் பெரிய மாற்றம், டாக்டருடன் பயணிக்கும் பெண்ணுக்கு ஒரு வீடும் தாயும் கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியதாக எண்ணி ரோஸ் என்ற அந்தப் பெண் வீட்டுக்குள் நுழைகிறாள்; பூமியில் பன்னிரண்டு மாதங்கள் கழிந்திருக்கின்றன, தாய் சுவரொட்டி ஒட்டித் தேடியிருக்கிறாள். அன்றிரவு தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவை அழைத்தேன். அங்கே விடியற்காலை என்பதையும் மறந்துவிட்டிருந்தேன்.

ஜூன் 4 அன்று நான் நின்ற அதே சதுக்கம் ‘பூம் டவுன்’ என்ற பகுதியில் வந்தது. அந்த வாரத்து ஆவணப்படத்தையும் சேர்த்து, ‘கான்ஃபிடென்ஷியல்’ ஆவணப்படங்கள் 13ஐயும் வீட்டு உரிமையாளரின் பழைய வீடியோ கருவியில் மூன்று கேசட்டுகளில் பதிவு செய்து வைத்தேன். பின்னர் டிவிடியில் கிடைத்தவை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கப்பட்ட வடிவங்கள்; ‘கான்ஃபிடென்ஷியல்’ நிகழ்ச்சியும் 2011இல் நிறுத்தப்பட்டது. ‘டாக்டர் ஹூ’வின் 1960களின் பகுதிகளை பிபிசி அழித்ததில் 90க்கும் மேற்பட்டவை படமாகக் கிடைக்காமல் போயின. ஆனாலும் அவை அனைத்துக்கும் ஒலி மட்டும் பிழைத்திருக்கிறது, வீட்டில் இருந்த ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்ததால்.

அந்த மூன்று கேசட்டுகளையும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றித்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். சென்ற ஆண்டு அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். முதல் கேசட்டில் படத்தின் ஓரம் நடுங்குகிறது, சில இடங்களில் நிறம் வெளுத்திருக்கிறது. சைமன் பெக்கின் குரல் தெளிவாகக் கேட்கிறது.