கால்பேக்ல யூஸ் பண்ணாத பாராமீட்டருக்கு வாய்டு போட்டா போதுமா?

புதுபோர்டு:
வணக்கம் மக்களே. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டுல சி லாங்குவேஜ்ல ஒரு வண்டி டிராக்கர் பண்ணிட்டு இருக்கோம். இவ்ளோ நாள் வார்னிங்க யாரும் கண்டுக்கல, திங்கக்கிழமை எங்க லீட் மேக்ஃபைல்ல டபிள்யூ-எக்ஸ்ட்ரா (கூடுதல் வார்னிங் காட்டறது), டபிள்யூ-எரர் (வார்னிங்கையே எரரா ஆக்கறது) ரெண்டையும் சேர்த்து விட்டுட்டு லீவ்ல போயிட்டாரு, இப்ப 38 இடத்துல "அன்யூஸ்டு பாராமீட்டர்"னு சொல்லி பில்டே நிக்குது. பாத்தா அத்தனையும் கால்பேக்தான், அதாவது நாங்க எழுதி வச்சா லைப்ரரி தானா கூப்பிடற ஃபங்க்ஷன். ஃப்ரீஆர்டாஸ்னு போர்டுல ஓடற சின்ன ஓஎஸ்ஸோட டைமர் கால்பேக்னா டைமர் ஹேண்டில் வருது, டாஸ்க்னா ஒரு வாய்டு பாயிண்டர் வருது, யுஆர்ட் (சீரியல் போர்ட்) கால்பேக்ல ஹெச்-யுஆர்ட்னு ஒண்ணு வருது, எனக்கு இது எதுவுமே தேவைப்படல. கூட இருக்கற பையன் டைமர் ஃபங்க்ஷன்ல பாராமீட்டரையே தூக்கிட்டு, டைமர் கிரியேட் பண்ற இடத்துல ஃபங்க்ஷன் பாயிண்டரை காஸ்ட் பண்ணி டைப்பை மாத்திட்டான், ஓடவும் செய்யுது. அதையே எல்லாத்துக்கும் பண்ணிடலாமா? (மொபைல்ல அடிக்கறேன், கோடு ஒட்ட முடியல, மன்னிக்கவும்)

செமிகோலன்:
ஃபங்க்ஷன் உள்ள முதல் வரில அடைப்புக்குறிக்குள்ள வாய்டு, பக்கத்துல பாராமீட்டர் பேரு, ஒரு செமிகோலன். முடிஞ்சுது. எஸ்டிஎம் சிப்போட வர்ற ஹால் லைப்ரரில இருக்கற அன்யூஸ்டு மேக்ரோவும் உள்ள இதையேதான் பண்ணுது. சிலர் எக்ஸ் ஈக்வல்ஸ் எக்ஸ்னு போடுவாங்க, வேணாம், அதுக்கு கிளாங் கம்பைலர் தனியா ஒரு வார்னிங் கொடுக்கும், பாராமீட்டர் கான்ஸ்டா இருந்தா கம்பைலே ஆகாது.

ராத்திரிஷிஃப்ட்:
அந்த காஸ்ட்டை முதல்ல எடுக்கச் சொல்லுங்க தம்பி. ஆர்ம்ல முதல் நாலு ஆர்கியுமெண்ட் ஆர்0-ல இருந்து ஆர்3 வரைக்கும் ரிஜிஸ்டர்லயே வந்துடும், வாங்கறவன் பாக்காம விட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல, அதனாலதான் உங்களுக்கு ஓடுது. ஆனா சி ஸ்டாண்டர்டு படி டைப் பொருந்தாத பாயிண்டர் வழியா ஃபங்க்ஷனைக் கூப்பிட்டாலே அன்டிஃபைன்டு பிஹேவியர்தான், என்ன வேணா நடக்கலாம். 32 பிட் விண்டோஸ்ல எஸ்டிடிகால்னு ஃபங்க்ஷனைக் கூப்பிடற முறை ஒண்ணு இருக்கு, அதுல ஸ்டாக்கை கிளீன் பண்றது கூப்பிட்டவன் இல்ல, கூப்பிடப்பட்ட ஃபங்க்ஷன், அங்க இப்படிப் பண்ணினா கணக்கு இடிச்சு ஸ்டாக் கோணிடும். வெப்அசெம்ப்ளில சிக்னேச்சர் மாறினா அந்த இடத்துலயே டிராப் ஆகி நின்னுடும். ஜிசிசி கம்பைலர் 8-ல இருந்து டைப் பொருந்தாத ஃபங்க்ஷன் பாயிண்டர் காஸ்டுக்கும் எக்ஸ்ட்ராவுலயே ஒரு வார்னிங் உண்டு, ஆனா பாராமீட்டரே இல்லாம வாய்டு திருப்பற ஃபங்க்ஷனுக்கு அதுல விலக்கு இருக்கு, அதனால உங்க பையனுக்கு அது வந்திருக்காது.

செமிகோலன் சொன்னதுல ஒரு குறை என்னன்னா, வாய்டு போட்டதுக்கு அப்புறமும் கீழ பத்து வரி தள்ளி யாராவது அந்த பாராமீட்டரை யூஸ் பண்ணினா கம்பைலர் ஒண்ணும் சொல்லாது, மேல அந்த வரி பொய்யா நிக்கும். நான் ஒரு மேக்ரோ வச்சிருக்கேன், அது அன்யூஸ்டு ஆட்ரிபியூட்டும் போடும், பேருக்கு முன்னாடி ஒரு ஒட்டும் சேர்த்து பேரையே மாத்திடும், அப்ப தெரியாம யூஸ் பண்ணினா அந்தப் பேர்ல எதுவும் இல்லன்னு எரரே வரும். ஜிசிசி 11-க்கு மேலன்னா பேரே எழுதாம டைப் மட்டும் போட்டு விடலாம், சி-யோட புது ஸ்டாண்டர்டு சி23-ல அது முறைப்படியே அனுமதி, சி++ காரங்க ரொம்ப காலமா அப்படித்தான் எழுதறாங்க.

புதுபோர்டு:
எங்க கம்பைலர் ஜிசிசி 9 அண்ணே, பழசு. சரி, காஸ்ட்டை எடுத்துட்டு 38-லயும் வாய்டு போட்டுடறேன்.

பழையசால்டரிங்:
ஒரு நிமிஷம் இருங்க. அந்த யுஆர்ட் கால்பேக்ல ஹெச்-யுஆர்ட் தேவைப்படலன்னு சொன்னீங்களே, போர்டுல எத்தனை யுஆர்ட் ஓடுது? ஹால்ல எல்லா யுஆர்ட்டுக்கும் ரிசீவ் கம்ப்ளீட் கால்பேக் அதே ஒரே ஃபங்க்ஷன்தான், எந்த போர்ட்ல இருந்து வந்துச்சுன்னு சொல்றதே அந்த பாராமீட்டர்தான்.

புதுபோர்டு:
ரெண்டு. ஒண்ணுல ஜிபிஎஸ், போன வாரம் இன்னொண்ணுல மோடம் சேர்த்தோம். கால்பேக்ல வந்த பைட்டை ரிங் பஃபர்ல தள்ளிட்டு அடுத்த பைட்டுக்குக் காத்திருக்கச் சொல்லி யுஆர்ட் 1-க்கு மறுபடி ரிசீவ் ஐடி ஃபங்க்ஷனைக் கூப்பிடறோம், அவ்ளோதான்.

பழையசால்டரிங்:
அப்ப மோடத்துக்கு ஏடி கமாண்ட் அனுப்பினா முதல் எழுத்து மட்டும் வந்துட்டு ஊமையாயிடுமே? மோடம் பைட்டு வந்ததும் நீங்க யுஆர்ட் 1-ஐ எழுப்பறீங்க, அது ஏற்கனவே காத்துக்கிட்டு இருக்கறதால பிஸின்னு திருப்பி அனுப்பிடும், யுஆர்ட் 2-ஐ யாரும் மறுபடி எழுப்பவே இல்ல. போதாததுக்கு ஜிபிஎஸ்ஸோட கடைசி பைட்டு இன்னொரு தடவை பஃபருக்குள்ள போகும், அந்த ஒரு வரிக்கு செக்சம் தப்பாகும்.

புதுபோர்டு:
அய்யோ. கரெக்டா அதேதான் அண்ணே. "ஏ"ன்னு ஒண்ணு வரும், அப்புறம் ஒண்ணுமே வராது. நாங்க கேபிள் மாத்தி, சிம் மாத்தி, மோடமே டூப்ளிகேட்டுன்னு சொல்லி கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தோம்!

ராத்திரிஷிஃப்ட்:
அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. மீதி 37-லயும் கை வைக்கறதுக்கு முன்னாடி, கால்பேக்குக்கு வர்ற வாய்டு பாயிண்டரை விட்டுட்டு குளோபல் வேரியபிளைத் தொடற இடம் எதெதுன்னு பாருங்க. டைமர்ல கூட அப்படித்தான், மூணு எல்ஈடிக்கு மூணு கால்பேக் எழுதியிருந்தா, டைமர் ஐடிய வச்சு ஒண்ணே போதும். அசெர்ட்டுக்குள்ள (டீபக் பில்டுல மட்டும் ஓடற செக்) மட்டும் யூஸ் ஆகற பாராமீட்டர்னா ரிலீஸ் பில்டுல மட்டும்தான் கத்தும், அதுக்கு என் மேக்ரோ சரிப்படாது, வெறும் ஆட்ரிபியூட் போதும்.

புதுபோர்டு:
பாத்துட்டேன். யுஆர்ட் ஹேண்டிலைப் பாத்து பிரிச்சதும் மோடம் "ஓகே" சொல்லிடுச்சு. டைமர்ல நாலு கால்பேக் ஒண்ணாச்சு, 27-க்கு வாய்டு போட்டேன். மிச்சம் ஆறு, எல்லாம் வெண்டார் குடுத்த ரெண்டு ஃபைல்ல இருக்கு.

பழையசால்டரிங்:
அதைத் தொடாதீங்க, அடுத்த வெர்ஷன் வந்தா எல்லாம் போயிடும். மேக்ஃபைல்ல அந்த ரெண்டு ஃபைலுக்கு மட்டும் டபிள்யூ-நோ-அன்யூஸ்டு-பாராமீட்டர் போட்டு விடுங்க.